யார் வீட்டு மிக்ஸி?

தமிழில் நகைச்சுவைக் கட்டுரை என்று எதைக் கையில் எடுத்தாலும் இந்த நாலில் ஒன்று கண்டிப்பாக இருக்கும்: ஆபீஸ் மேனேஜர், கல்யாணத்தில் வந்த பரிசுப் பொருள், ரிப்பேரான மிக்ஸி, ஊரிலிருந்து வந்து இறங்கும் மாமியார். எண்பது தொண்ணூறு வருஷமாக இந்த நாலு கால் ஊன்றித்தான் பந்தல் நிற்கிறது. மிக்ஸி இருக்கிற இடத்தில் முன்பு ரேடியோப் பெட்டி இருந்தது, இப்போது செல்போன் இருக்கிறது. கால் மாறவில்லை, மேலே கட்டிய துணிதான் மாறியிருக்கிறது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலம் போய் நூலகத்தில் உட்கார்ந்துதான் தேவன், சாவி, பாக்கியம் ராமசாமி எல்லாம் படித்தேன். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அதில் இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் முள் மாதிரி இருந்துகொண்டே இருக்கிறது. இவர்கள் எழுதுகிற அன்றாடம் யாருடைய அன்றாடம்? எங்கள் பக்கத்தில் வேலையும் பரிசும் மிஷினும் உறவும் இல்லாமல் இல்லை. அதைப் பற்றிச் சிரிக்காமலும் இல்லை. அந்தச் சிரிப்பு ஏன் "நகைச்சுவை இலக்கியம்" என்கிற அலமாரியில் வைக்கப்படுவதேயில்லை?

இதற்கு ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது. "அதெல்லாம் மயிலாப்பூர் நகைச்சுவை சார், அவங்களுக்கு அவங்க வூடுதான் உலகம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. அது சோம்பேறி விமர்சனம். தேவன் 1940-களில் எழுதிய சாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பு பேங்க் குமாஸ்தா, ஊரறிந்த அசடு. அந்த அசட்டுத்தனமே எப்படியோ திருடனைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. வெறும் கோமாளிக்கூத்தாக நின்றிருக்கவேண்டிய இந்தக் கதையை இத்தனை வருஷம் நிற்கவைத்தது அதன் அடியில் இருக்கும் ஒரு நம்பிக்கை: அசடை உலகம் கைவிடாது. தப்பான வீட்டுக்குள் நுழைந்தாலும் சரியான ஆள் மேல்தான் போய் விழுவான். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு எழுதுவதற்கும் ஒரு கை வேண்டும். தேவனுக்கு அது இருந்தது. பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு இல்லை. அவர்கள் அசடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சாவி 1963-இல் ஆனந்த விகடனில் எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. தஞ்சாவூர்ப் பக்கக் கல்யாணத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் அமெரிக்காவில் நடத்துகிறார்கள். அப்பளம் இடுவது, சம்பந்திச் சண்டை எல்லாம் அங்கே வேடிக்கைப் பொருள் ஆகிவிடுகிறது. செலவெல்லாம் ராக்ஃபெல்லர் சீமாட்டியுடையது. நான் இங்கேதான் நிற்கிறேன். கல்யாணம் என்றால் செலவு, செலவு என்றால் கடன், கடன் என்றால் சம்பந்தி முன்னால் தலைகுனிவு. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியை சாவி சாமர்த்தியமாகக் கழற்றிவிட்டார். காசுக் கவலை போனதும் சம்பந்திச் சண்டை வெறும் ஆட்டமாகிவிட்டது. பார்த்து ரசிக்கலாம். அந்த நாவலின் சிரிப்பெல்லாம் அந்த ஒரு கழற்றலில் இருக்கிறது என்பேன்.

அதாவது பத்திரிகை நகைச்சுவைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நஷ்டம் சின்னதாக இருக்கவேண்டும். மிக்ஸி ரிப்பேரானால் சட்னி கிடையாது, அவ்வளவுதான். மேனேஜர் திட்டினால் முகம் சுருங்கும், ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துவிடும். அப்புசாமித் தாத்தா 1963-இல் குமுதத்தில் தொடங்கி எத்தனை வருஷம் சீதாப்பாட்டியிடம் காசுக்குக் கெஞ்சினார்! பாட்டி ஒருநாளும் அவரை வீட்டைவிட்டுத் துரத்திவிடவில்லை. தாத்தா எங்கேயாவது போய் அடிபட்டுக்கொண்டு ராத்திரிக்குத் திரும்பி வந்துவிடலாம். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவிக்கு ஆங்கிலமும் வரும், இரக்கமும் வரும்.

இந்த நிபந்தனையை முதலில் உடைத்தவர் எங்கள் ஊர்ப் பெயர் வைத்திருந்த ஒருவர். ஆள் எங்களூர் இல்லை, பெயர் மட்டும்தான். சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். விருத்தாசலம் என்றால் பழைய மலை. திருமுதுகுன்றம், பழமலை எல்லாம் அதே அர்த்தம்தான். பழமலை என்று பேர் வைத்த பிள்ளை 'புதுமை' என்று புனைபெயர் தேடிக்கொண்டதே அவருடைய முதல் ஜோக் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார், காப்பி குடிக்கிறார். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை அவரிடம் வரம் கேட்கவில்லை. பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவுக்கு ஆள் பிடிக்கப் பார்க்கிறார். கடவுளுக்குச் சந்தேகம், யாருடைய ஆயுள் என்று. அந்தக் கேள்வியில் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் பிள்ளையின் பத்திரிகை எத்தனை நாளைக்கு ஓடும் என்ற பயமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. நஷ்டம் இங்கே சின்னது இல்லை.

பரிசு விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை நகைச்சுவையில் ஒரு அழியாத ஜோக் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம் கைமாறிக் கைமாறி நாலு வருஷம் கழித்துக் கொடுத்தவர் வீட்டுக்கே பரிசாக வந்து சேரும். இந்த மாதிரிக் கதை ஒன்றை ஒருநாள் என் சின்னாயிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "ஏண்டா, அதுல பேரு வெட்டலியா?"

ஒரு வாக்கியத்தில் முடிந்தது விமர்சனம். எங்கள் பக்கத்தில் குடம் வாங்கினாலும் டிபன் கேரியர் வாங்கினாலும் பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித் தரச் சொல்வார்கள். கடைக்காரர் அந்தச் சின்ன மிஷினை வைத்துக் கிர்ரென்று நாலு வரி எழுதுவார். கொடுப்பவர் பேர், ஊர், தேதி. பிறகு அந்தக் குடம் எந்த வீட்டில் இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று பேசும். இது அன்பளிப்பு என்று நினைப்பவர்கள் மொய் நோட்டைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். குடம் கடன், நோட்டு அதன் கணக்கு. மறுபடி அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் வைக்கிற குடம் முந்தின குடத்தைவிட இளைத்திருந்தால் பத்து வருஷத்துக்குப் பேச்சு நிற்கும். "எங்க ஊட்டுக்கு மட்டும் குடத்துக்குச் சுரம் வந்துடும்போல" என்று ஒரு அத்தை பந்தியில் சத்தமாகச் சொல்வதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். யாரைக் குத்தினதோ அவர் சிரிக்கவில்லை.

பேர் வெட்டுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. அதை யாரும் கல்யாணத்தில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெண் வாழாமல் திரும்பி வந்தால் பாத்திரமும் திரும்பி வரவேண்டும். பஞ்சாயத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும்போது அந்த எழுத்துதான் சாட்சி. பரிசு கைமாறுகிற ஜோக் எங்களிடம் ஏன் செல்லாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் இருக்கிறது, பீங்கான் தொழில் படிக்க அரசு நிறுவனமும் இருக்கிறது. கொலு பொம்மை, அகல், ஜாடி, கரண்ட் கம்பத்துக்கு இன்சுலேட்டர், பியூஸ் கட்டை எல்லாம் சூளையிலிருந்து வந்திருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பீங்கான் சாமான் பரிசாக வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பீங்கானில் பேர் வெட்ட முடியாது, அடகு வைக்க முடியாது, கீழே போட்டால் மிச்சம் இல்லை. ஊரே பரிசுப் பொருள் செய்கிறது, ஊருக்குள் அதைக் கொடுப்பவர் குறைவு. கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் சந்தேகம் இருக்கிற இடத்தில் உடைகிற பொருளுக்கு மதிப்பில்லை.

சந்தேகம் என்றதும் சுந்தரர் ஞாபகம் வருகிறார். திருமுதுகுன்றத்துக் கதையைப் பக்தியாக மட்டும் சொல்லிச் சொல்லி அதிலுள்ள குடும்ப நகைச்சுவையை அடக்கிவிட்டார்கள். திருவாரூரில் மனைவி பரவையார் காத்திருக்கிறார். சிவன் இங்கே சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்கிறார். தோழர் என்ன செய்தார் தெரியுமா? கொடுக்கிறவர் கடவுளாகவே இருந்தாலும் ஒரு மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அங்கே போய்க் குளத்தில் கால் வைத்துத் துழாவும்போது பொன் உடனே கிடைக்கவில்லை. கரையில் மனைவி நிற்கிறார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிற புருஷனைப் பார்த்து எந்த மனைவிக்கும் என்ன தோன்றுமோ அதுதான் பரவையாருக்கும் தோன்றியது. கடைசியில் பொன் வந்தது, உரைத்துப் பார்த்தால் மச்சத்தைவிட மாற்றுக் குறைவு. மறுபடி பாடினார், மாற்றுச் சரியானது. மாற்று உரைத்துப் பார்த்த பிள்ளையார் திருவாரூரில் இன்னும் இருக்கிறார். பரிசு, பணம், புருஷன் பெண்டாட்டி, அனுப்பிய சரக்கில் குறை என்று நகைச்சுவைக் கட்டுரைக்கு வேண்டிய எல்லாமும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் ஆற்றங்கரையில் நடந்திருக்கிறது. சேக்கிழார் அதை எழுதவும் எழுதியிருக்கிறார். மச்சம் வெட்டி வைத்துக்கொள்வதற்கும் குடத்தில் பேர் வெட்டுவதற்கும் பெரிய தூரம் இல்லை.

இனி வேலை. இதற்குக் கண்மணி குணசேகரனிடம்தான் போகவேண்டும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணக்கொல்லைக்காரர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அவருடைய 'நெடுஞ்சாலை' நாவலில் டெப்போதான் உலகம். ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், ஒரு மெக்கானிக், மூன்று பேரும் சி.எல்., அதாவது தற்காலிகம். தமிழில் பஸ்ஸைப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். சீட் கிடைக்காதது, சில்லறை கிடைக்காதது, பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்குவது எல்லாம் ஏகப்பட்ட தடவை வந்தாயிற்று. பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்க்கிறவன் எழுதினது இதுதான். அங்கிருந்து பார்த்தால் பஸ் வேறு ஜந்து.

பத்திரிகை ஆபீஸ் நகைச்சுவைக்கும் இந்த டெப்போ நகைச்சுவைக்கும் என்ன வித்தியாசம்? ஆபீஸ் ஜோக்கில் லீவு என்பது குமாஸ்தா கேட்பது, மேனேஜர் மறுப்பது. பாட்டி எத்தனை தடவை செத்தாள் என்கிற கணக்கு எல்லாம் அங்கேதான் வரும். தற்காலிகக்காரனுக்கு லீவு என்பது வேறொருவன் போடவேண்டியது. நிரந்தர ஆள் ஒருவர் லீவு போட்டால்தான் இவனுக்கு அன்றைக்கு வண்டி, வண்டி ஏறினால்தான் கூலி. ஆக, அடுத்தவர் வீட்டுப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் இவன் மனசு என்ன நினைக்கும்? அதை நினைத்ததற்காக அதே மனசு என்ன படும்? அதே பழைய பாட்டி ஜோக்தான். உட்காருகிற இடத்தை மாற்றிப் போட்டால் உள்ளே கத்தி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. வேலை கொடுப்பவருக்கும் எண்ணத் தெரியும் என்பதுதான் சட்டம் போட்டவர்கள் மறந்த விஷயம்.

'நெடுஞ்சாலை' குறையில்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். தொழில் விவரங்கள் சில இடங்களில் கதையை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவை மட்டும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பேச்சு! நடுநாட்டுக் கேலி வேகமாக வரும், முகத்தைப் பார்த்து வரும், மாமன் மச்சான் முறை வைத்து வரும். முறை இல்லாதவனைக் கேலி பேச முடியாது. கேலி பேசுவதற்காகவே சாதி கடந்தும் மாமா, மச்சான் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இந்தப் பேச்சைக் காது வைத்துக் கேட்ட ஆள்தான் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியையே தனியாளாகத் தொகுத்தார். அதை நான் அகராதியாகப் பார்ப்பதைவிட அதிகம் சிரிப்புப் புத்தகமாகத்தான் புரட்டியிருக்கிறேன்.

அவருடைய 'அஞ்சலை' 1999-இல் வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் துயரக் காவியம் என்றே எழுதினார்கள். சரிதான். ஆனால் அந்தத் துயரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெண் பார்க்கும்போது காட்டப்பட்டவன் ஒருவன், தாலி கட்டுகிறவன் இன்னொருவன். ஆள்மாறாட்டம்! தமிழ் நகைச்சுவையின் ஆகப் பழைய உத்தி. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் முத்துராமன் பணக்கார அப்பாவாக வேஷம் போட்டு பாலையாவை ஏமாற்றும்போது தியேட்டரே குலுங்கியது. மேடை நாடகங்கள் பாதி இதை வைத்துத்தான் பிழைத்தன. அங்கெல்லாம் கடைசிக் காட்சியில் வேஷம் கலையும், எல்லோரும் மன்னித்துக்கொள்வார்கள், கல்யாணம் நடக்கும். அஞ்சலைக்கு வேஷம் கலைகிறபோது கல்யாணம் முடிந்துவிட்டது. அதே உத்திதான், கடைசிக் காட்சியை முதல் காட்சியாக வைத்தார், அவ்வளவுதான். சாம்புவை உலகம் கைவிடாது என்றேன் இல்லையா? அஞ்சலையும் வெகுளிதான். உலகம் அவளை ஒவ்வொரு வீடாகக் கைவிடுகிறது.

இதைச் சொன்னால் சில நண்பர்கள் கோபப்படுகிறார்கள். ஒரு பெண்ணின் நாசத்தைச் சினிமா காமெடியோடு சேர்த்துப் பேசலாமா என்கிறார்கள். சேர்த்துத்தான் பேசவேண்டும். எங்கள் பக்கத்து எழுத்தாளர்களை விமர்சகர்கள் 'விளிம்புநிலை', 'வலி', 'ஆவணம்' என்ற மூன்று சொற்களுக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள். இமையத்தின் 'செல்லாத பணம்' 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றபோதும் பேச்சு முழுக்க அந்தத் தீக்காய வார்டைப் பற்றியே இருந்தது. நியாயம். ஆனால் இமையத்தின் ஆட்கள் துக்கத்தின் நடுவிலும் எவ்வளவு பேசுகிறார்கள், அந்தப் பேச்சில் எவ்வளவு குத்தல் என்பதை யார் எழுதினார்கள்? 'எங் கதெ'யில் காதலில் தன்னைத் தொலைத்த ஒருவன் தன் கதையைத் தானே பேச்சுமொழியில் சொல்கிறான். தன்னைத்தானே கேலி செய்துகொள்ளாமல் அவனால் ஒரு பக்கம்கூடத் தாண்ட முடிவதில்லை. கஷ்டப்படுகிறவர்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று ஒரு எண்ணம் படிக்கிறவர்களிடம் இருக்கிறது. சிரித்தால் கஷ்டம் போதவில்லை என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் போல.

கடைசியாக மிக்ஸி. இந்த நாட்டில் மிக்ஸியை வைத்துப் பெரிய நகைச்சுவை ஒன்று நடந்தது, அதை எழுதத்தான் ஆள் வரவில்லை. 2006 செப்டம்பர் 15-ஆம் தேதி அண்ணா பிறந்தநாளில் இலவசக் கலர் டிவி தொடங்கியது. 2011-இல் ஆட்சி மாறி அதே செப்டம்பர் 15-ஆம் தேதி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தொடங்கியது. எங்கள் பக்கம் வண்டியில் வந்து இறங்கி வரிசையில் நின்று வாங்கினோம். 2012-இல் கரண்ட் போனது. சென்னையில் ஒன்றிரண்டு மணி நேரம், வெளியூர்களில் பாதி நாளுக்கு மேலும் இருட்டு. இத்தனைக்கும் நெய்வேலி எங்களுக்குப் பக்கத்தில். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினவர்கள் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் கண்மணி 'வந்தாரங்குடி' என்று எழுதினார். நிலம் கொடுத்தவன் வீட்டில் மிக்ஸி இருக்கிறது, அவன் நிலத்தைத் தோண்டி எடுத்த கரண்ட் மட்டும் அவனைத் தாண்டி எங்கேயோ போகிறது. நடுவில் கம்பத்தில் எங்களூர்ப் பீங்கான் இன்சுலேட்டர் வேறு.

கரண்ட் வராத மிக்ஸியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? அட்டைப்பெட்டியைப் பிரிக்கவேயில்லை. அட்டைப்பெட்டியில் முதலமைச்சர் படம் சிரித்துக்கொண்டிருக்க, பரண் மேல் வைத்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்ததும் கீழே இறக்கிச் சீர்வரிசையில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் அதே மிக்ஸி ஏற்கெனவே இருந்தது, அதே படத்தோடு. சம்பந்திகள் இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அரசாங்கம் வைத்த மொய்யை யாருக்குத் திருப்புவது? அதன் அடியில் யார் பேரை வெட்டுவது? ஒரு கிழவர் மட்டும் நோட்டு எழுதுகிற பையனிடம் சொன்னார்: "எழுதிக்கடா தம்பி, கோட்டை, சென்னை. மிக்ஸி ஒண்ணு."